மறு: ‘வளர்ச்சி ஊக்கி’ போதாதா? – பயறு கையேட்டுக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம். பயிரின் வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ தெளிக்கும் மருந்துகளைப் (plant growth regulators) பயறு கையேட்டில் எந்தப் பெயரால் எழுதுவது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வளர்ச்சி ஊக்கி’ ஏற்கெனவே புழங்குகிற சொல். அதை மாற்றுவானேன்?

புழங்குகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அது இந்த மருந்துகளில் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும். குளோர்மெக்குவாட் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது செடிக்குள் ஜிப்ரலின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் உருவாவதைத் தடுத்து, கணுவிடையை, அதாவது இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டைக் குறுக்குகிறது. கொடி ஓடித் தழைத்து, காய்க்காமல் கொழுத்துப்போகும் பயிரை அடக்கத்தான் அதைத் தெளிக்கிறோம். அதற்குப் போய் ஊக்கி என்று பெயர் வைத்தால் எப்படி?

இன்னொன்றும் உண்டு. பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் மானாவாரி உளுந்து போடுகிறவர் கடைக்கு வந்து, “பூவெல்லாம் கொட்டுது, ஒரு டானிக் குடுங்க” என்பார். கையில் கிடைப்பது பெரும்பாலும் என்.ஏ.ஏ. என்கிற நாப்தலின் அசிட்டிக் அமிலம், அதாவது செயற்கை ஆக்சின் (ஆக்சினும் செடியின் ஒரு வளர்ச்சி ஹார்மோன்). பூக்காம்பின் அடியில், பூவைக் கழன்று விழச்செய்யும் உதிர் அடுக்கு உருவாவதை அது தள்ளிப்போடுகிறது. பூவும் பிஞ்சும் நிற்கின்றன. பயறு வகைகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மி.கி.), பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை. 4.5 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 9 மி.லி. அளவில்தான் வரும். ஊக்கி, டானிக் என்று காதில் விழுந்தவருக்கு அந்த 9 மி.லி. அற்பமாகத் தெரியும். ஒரு மூடி கூடவே ஊற்றுவார்.

அளவு மாறினால் இவை குணமும் மாறும். ஆப்பிள் தோட்டங்களில் அதிகப்படிப் பிஞ்சை உதிர்க்கவும் இதே என்.ஏ.ஏ.வைத்தான் தெளிக்கிறார்கள். மக்காச்சோளக் களைக்கு அடிக்கிற டூ-ஃபோர்-டி யார்? அதுவும் செயற்கை ஆக்சின்தான். காற்றில் அதன் சாரல் பக்கத்துப் பருத்தியில் பட்டு இலை விரல் விரலாகச் சுருங்குவதைத் திருமங்கலம் கரிசலில் விளக்க வேண்டியதில்லை. டூ-ஃபோர்-டி தாக்குவது அகன்ற இலைச் செடிகளை; உளுந்தும் அகன்ற இலைப் பயிர்தானே.

> அப்படியானால் ‘வளர்ச்சி கட்டுப்படுத்தி’?

வேண்டாம் அம்மா. உழவருக்குக் கட்டுப்பாடு என்றாலே பூச்சிக் கட்டுப்பாடு, களைக் கட்டுப்பாடு. கொல்லும் மருந்து என்று நினைத்துப் பூக்கும் பயிரில் அடிக்கவே பயப்படுவார். ‘ஒழுங்குபடுத்தி’ பொருளில் குறையில்லை, ஆனால் ‘தாவர வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளைப் பயன்படுத்துதல்’ என்று கையேட்டில் ஒரு தலைப்பு போட்டால் வரி முடிந்துவிடும்.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் வளர்சீராக்கி. வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் போலக் கூட்டவும் குறைக்கவும் ஆவது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதற்குள் இரண்டு வகை: ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் போன்றவை வளரூக்கி, குளோர்மெக்குவாட், மெபிக்குவாட் போன்றவை வளர்தணிப்பி. ஊக்கியைத் தூக்கி எறியவில்லை, அதற்குரிய இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இலக்கணம் அறிந்தவர்கள் ‘வளர்சீராக்கி’யை வினைத்தொகையாக ஏற்கமாட்டார்கள் என்று தெரியும், வளர்வது பயிர், சீராக்கி அல்லவே. ‘வளர்ச்சிச் சீராக்கி’ என்றே இருக்கட்டும் என்றால் எனக்குச் சம்மதம்.

‘பயறு ஒண்டர்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏக்கருக்கு 2 கிலோ என்று பூக்கும் தருணத்தில் தெளிக்கிற அது சத்துகளும் வளர்சீராக்கியும் கலந்தது. அதை இந்தத் தலைப்பில் சேர்க்காமல் தனியே எழுதுவோம்.

எத்திலீன் என்கிற வாயு ஹார்மோனை எதில் வைப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பூவை உதிர்ப்பதும் அதுவே, காயைப் பழுக்க வைப்பதும் அதுவே. ‘தணிப்பி’யில் அடங்காது. யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள். அடுத்த வாரம் கையேடு அச்சுக்குப் போகிறது.

ஒத்தக்கடை, மதுரை