பிரைவேட் டிஎன்எஸ் மாற்றினால் மொபைல் நெட் வேகமாகுமா?

வெயில்நிழல்:
ஆண்ட்ராய்டு 13 போன், 4ஜி சிம். ராத்திரி எட்டு மணிக்கு மேல எந்தப் பக்கமும் சீக்கிரம் திறக்கறதில்லை. பிரைவேட் டிஎன்எஸ்-ல 1.1.1.1 அடிச்சா சேவ் பட்டன் அமுங்கவே மாட்டேங்குது, ஏன்? ஒரு 'நெட் பூஸ்டர்' ஆப் விபிஎன் அனுமதி கேக்குது, கொடுக்கலாமா? பேங்க் வேலையும் இதே போன்லதான்.

கம்பிவடம்:
டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை. அந்தப் பெட்டி 1.1.1.1 போன்ற ஐபி எண்ணை ஏற்காது, டிஎன்எஸ் சர்வரின் பெயரைத்தான் ஏற்கும். பிரைவேட் டிஎன்எஸ் டிஎல்எஸ் (மறைகுறியிட்ட இணைப்பு) வழியாகப் போகிறது. சர்வர் காட்டும் சான்றிதழில் நீங்கள் கொடுத்த பெயர் இருக்கிறதா என்று போன் சரிபார்த்த பிறகே இணைக்கும்.

செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், பிரைவேட் டிஎன்எஸ் போங்கள் (சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்). கிளவுட்ஃபிளேர் (1.1.1.1 அவர்களுடையதுதான்) என்றால் 'ஒன்' என்பதை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். கூகுள் என்றால் 'டிஎன்எஸ்', புள்ளி, 'கூகுள்', அவ்வளவுதான். டாட் காம் சேர்க்க வேண்டாம். முன்னால் எச்டிடிபிஎஸ் போட்டாலும் ஏற்காது. பேங்க் வேலை இருப்பதால் என் தேர்வு குவாட்9 என்ற இன்னொரு டிஎன்எஸ் சேவை: மோசடித் தளங்கள் என்று அறியப்பட்டவற்றுக்கு அது முகவரியே தராது.

அதே இடத்தில் உள்ள 'ஆட்டோமேட்டிக்' தேர்வு போதாது. எதிர்முனை டிஎல்எஸ் பேசாவிட்டால் போன் சத்தமில்லாமல் மறைகுறி இல்லாத பழைய 53-ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாசல் எண்) போய்விடும். பெயர் கொடுத்தால் 53-க்குத் திரும்பாது, பொதுவாக 853 வழியேதான். ஸ்டேஷன், ஹோட்டல் வைஃபையில் 853-ஐ அடைத்திருந்தால் நெட் அடியோடு நிற்கலாம், சிலசமயம் லாகின் பக்கம்கூட வராது. அங்கே தற்காலிகமாக ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, கிளம்பும்போது மறக்காமல் திருப்பி வையுங்கள்.

வேகம்? டிஎன்எஸ் வேலை முகவரி தேடுவதோடு முடிந்தது. ஒருமுறை கிடைத்த முகவரியைப் போன் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். புதுத் தளம் திறக்கும்போது சில பத்து மில்லிசெகண்ட் மிச்சமாகலாம். வீடியோ ஓட்டத்துக்குப் பெரிய லாபம் இல்லை. சிலசமயம் நஷ்டமும் உண்டு. கூகுள் டிஎன்எஸ் உங்கள் ஐபியின் ஒரு பகுதியை நீங்கள் திறக்கும் தளத்தின் டிஎன்எஸ் சர்வருக்குச் சொல்லும், அதனால் பக்கத்து சர்வர் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிளவுட்ஃபிளேர் தனியுரிமைக்காகச் சொல்லாது. மாற்றியபின் வீடியோ திணறினால் இதையும் சோதியுங்கள்.

அலைவரிசை:
ராத்திரி மந்தத்துக்கு டிஎன்எஸ் மருந்தல்ல. முதலில் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ், சிக்னல் ஸ்ட்ரெங்த் பாருங்கள். –90 டிபிஎம் அல்லது அதைவிட மேல் (–80, –75) என்றால் நல்ல சிக்னல். –110-க்குக் கீழே போனால் ஜன்னலோரம் போவதுதான் வழி. எண் நன்றாக இருந்தும் இழுத்தால் டவரில் கூட்டம் என்று கொள்ளலாம்.

அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். பல பிளான்களில் அதன்பின் 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி பக்கம் ஒன்று வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நம் கையில் இருப்பது பக்கத்தின் எடையைக் குறைப்பது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட்ஆன் (கூடுதல் இணைப்பு) போடுங்கள். விளம்பரமும் டிராக்கரும் இறங்காது, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆண்ட்ராய்டு குரோம் ஆட்ஆன் ஏற்பதில்லை. அதன் லைட் மோடை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேட வேண்டாம். ஓபரா மினியின் எக்ஸ்ட்ரீம் சேமிப்பு பக்கத்தை அவர்கள் சர்வரில் திறந்து சுருக்கி அனுப்புகிறது. செய்தி படிக்க நல்லது, பேங்க் லாகினுக்கு வேண்டவே வேண்டாம்.

பூட்டுச்சாவி:
பூஸ்டருக்கு அனுமதி கொடுக்காதீர்கள். எந்த ஆப்பும் டவர் வேகத்தைக் கூட்ட முடியாது. விபிஎன் அனுமதி கொடுத்தால் போனின் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியே போகும். எச்டிடிபிஎஸ் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் எந்தத் தளம், எப்போது என்பது தெரியும். சான்றிதழ் நிறுவச் சொன்னால் இன்னும் ஆபத்து. செக்யூரிட்டி பகுதியில் டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ், யூசர் தாவலைத் திறந்து பாருங்கள்; ஆபீஸ் போன் இல்லையென்றால் அது காலியாக இருக்க வேண்டும்.

கம்பிவடம் சொன்னதோடு ஒன்று: டிஎன்எஸ்-ஐ மறைத்தாலும், இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. சிம் நிறுவனத்துக்கு அது தெரியும். பக்கத்தின் உள்ளடக்கமாவது மறைந்திருக்க, குரோமில் 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்' போட்டுவிடுங்கள்.

வெயில்நிழல்:
குவாட்9 பேர் சேவ் ஆயிடுச்சு, ஆனா 'இணைக்க முடியவில்லை'ன்னு வருது.

கம்பிவடம்:
'டிஎன்எஸ்', புள்ளி, 'குவாட்' ஒட்டி 9, புள்ளி, 'நெட்': இதில் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா பாருங்கள். சரியென்றால் போனின் தேதி, நேரத்தைப் பாருங்கள். அது தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று போன் மறுத்துவிடும். தானாகச் சரிசெய்யும் தேர்வை ஆன் செய்து, ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள்.