பாட்டில் மூடிச் சிற்பம்: கம்பி கோக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கானாவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிற்பி எல் அனட்சூய் பற்றி என் ஓவிய வகுப்பில் சொன்னேன். வீசியெறிந்த மதுபாட்டில் மூடிகளைத் தட்டி, மடித்து, உதவியாளர்களோடு செம்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் கோத்து, துணிபோலத் தொங்கவிடுபவர். எட்ட நின்றால் கானாவின் கெண்டே நெசவு மாதிரி மின்னும். கிட்டே போனால் மூடிகளில் மதுவகைகளின் பெயர்கள். ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்கில் மதுவும் ஒன்று, அடிமை வணிகத்தில் அதுவும் கைமாறியது. அந்த மூடியையே எடுத்து நெய்தது என்னை உலுக்கிவிட்டது. பிள்ளைகளையும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்களும் மூன்றடிக்கு ஒரு துண்டு செய்கிறோம். காயலான் கடையில் வாங்கிய அலுமினிய மூடிகளில் ஆணியால் ஓட்டை போட்டால் விளிம்பு கிழிகிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய கம்பியோ இரண்டு முறுக்கிலேயே அறுந்துபோகிறது. எந்தத் தடிமன் கம்பி சரிவரும்? கிழியாமல் ஓட்டை போட என்ன வழி? அப்புறம், பிள்ளைகளின் விரலை வெட்டாதபடி விளிம்பை எப்படி மழுக்குவது? தகர வேலை, நகை வேலை தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.