கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டியதா?

ரவி சித்தப்பா: லேப்டாப் மறுபடியும் உறைந்துவிட்டது. மவுஸ்கூட அசையவில்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன். வீடியோ ஓடும்போதும் வருகிறது, சும்மா இருக்கும்போதும் வருகிறது.

கார்த்தி: லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் சித்தப்பா. வேலை முடிந்தது.

மீனா: டேய், சும்மா இரு. ரேம் கோளாறு என்றால் புதிதாகப் போட்டதும் இதே மாதிரிதான் விழும். இருக்கிற தடயமும் போய்விடும். சித்தப்பா, உறைந்தபோது கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டியதா?

ரவி சித்தப்பா: ஆமாம், சிமிட்டிக்கொண்டே இருந்தது! அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மீனா: அது கர்னல் பேனிக். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே "இனி முடியாது" என்று நின்றுவிட்டது. யூஎஸ்பி கீபோர்டில் இப்படிச் சிமிட்டாது, லேப்டாப் கீபோர்டாக இருந்ததால் தெரிந்தது. விளக்கு சிமிட்டாமல் உறைந்தால் போனிலிருந்து பிங் செய்து, அதாவது நெட்வொர்க் வழியே "இருக்கிறாயா" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது, திரையோ மற்ற புரோகிராம்களோதான் மாட்டியிருக்கும்.

கார்த்தி: லாக்கில், அதாவது சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவில், ஒன்றுமே இல்லையே அக்கா, நானே பார்த்தேன். பாதியில் நிற்கிறது.

மீனா: பாதியில்தான் நிற்கும். பேனிக் ஆனபிறகு டிஸ்கில் எழுத யார் இருக்கிறார்கள்? கடைசி வரிகளைக் கர்னலின் பிஸ்டோர் என்ற வசதி, அணைத்தாலும் அழியாத மதர்போர்டு நினைவகத்தில் போட்டு வைக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது, லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அதை எடுத்து, /var/lib/systemd/pstore என்ற ஃபோல்டரில் வைக்கும். சில லினக்ஸ்களில் இது அணைந்திருக்கும். அப்போது நெட்கன்சோல் என்ற கர்னல் வசதிதான் வழி: நெட்வொர்க் கேபிள் மாட்டி, கர்னல் செய்திகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம். வைஃபையில் நடக்காது.

ரவி சித்தப்பா: ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. இதோ படம். "டெயின்டட்: ஜி டி" என்று போட்டிருக்கிறது.

மீனா: அருமை! டெயின்டட் என்பது கர்னலின் நிலையைச் சொல்லும் குறி. அதில் "டி" என்றால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ், அதாவது கர்னல் பிழை, விழுந்துவிட்டது. நீங்கள் அனுப்பியது அதன் பின்விளைவு. முதலில் விழுந்ததுதான் வேண்டும், கொஞ்சம் மேலே தேடுங்கள். படமாக வேண்டாம், டெக்ஸ்டாகவே அனுப்புங்கள்.

ரவி சித்தப்பா: அனுப்பிவிட்டேன். ஒன்றில் கோப்பு அமைப்பு என்கிறது, இன்னொன்றில் சவுண்டு டிரைவர் என்கிறது. எது குற்றவாளி?

மீனா: இரண்டும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரே டிரைவரில் திரும்பத் திரும்ப விழுந்தால் அதைச் சந்தேகப்படுவேன். இப்படிச் சம்பந்தமே இல்லாத இடங்களில் விழுந்தால் முதலில் ரேம்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

சித்தி: மீனா, போட்டோக்கள் எல்லாம் போய்விடுமா?

மீனா: சோதனையால் போகாது சித்தி. ஆனால் கெட்ட ரேம், சேமிக்கிற கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பழைய பேக்கப்பின் மேல் எழுதாமல் தனியாக ஒரு நகல் எடுங்கள்.

ரவி சித்தப்பா: காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் 😐

மீனா: சரி. இரண்டு ரேம் ஸ்டிக்கில் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிழை காட்டும் ஸ்டிக்கை ஸ்லாட் மாற்றியும் போடுங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் கெட்டது, ஸ்லாட்டோடு நின்றால் மதர்போர்டு கெட்டது.

கார்த்தி: அதற்கு அப்புறமாவது லினக்ஸைப் புதிதாகப் போடலாமா அக்கா?

மீனா: நல்ல ரேமோடு முதலில் சித்தப்பா எஃப்எஸ்சிகே ஓட்டட்டும், டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும் புரோகிராம் அது. அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு நீயே போட்டுக் கொடு.