ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துலயே விலாவுல குத்துது, என்ன பண்றது?

மூச்சுவாங்கி:
வணக்கம் மக்களே, 3 வாரமா ஓடிட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி பஸ்ஸ பிடிக்க ஓடினதோட சரி. கால் வலி எல்லாம் இல்ல, ஆனா 8-10 நிமிஷம் ஆனதும் வலது பக்கம் விலாவுக்கு கீழ ஊசி வச்ச மாதிரி சுருக்குன்னு குத்துது, மூச்ச இழுத்தா ஜாஸ்தியாகுது, நடந்தா கொஞ்ச நேரத்துல போயிடுது, திரும்ப ஓடினா திரும்ப வந்துடுது. ஸ்டாமினா பத்தலயா இல்ல உள்ள ஏதாவது பிரச்சனையா? ஓடுறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் குடிப்பேன், தெம்பா இருக்கும்னு.

சாலையோரம்:
கடைசி வரியிலயே பதில வச்சுட்டு கேள்வி கேக்குறீங்க 😄 முதல்ல அந்த ஜூஸ நிறுத்துங்க. சர்க்கரை ஜாஸ்தியா இருக்கற எதுவும் வயித்த விட்டு சீக்கிரம் இறங்காது, இந்த குத்தல கிளப்பி விடறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு. வயிறு நிறைய சாப்பிட்டா 2 மணி நேரமாவது விட்டு ஓடுங்க. தாகம் எடுத்தா தண்ணி, அதுவும் மடக்கு மடக்கா, ஒரே மூச்சுல பாட்டில காலி பண்ணாதீங்க.

மெதுவாபோறவன்:
ஜூஸ் சரி, ஆனா புதுசா ஓடுறவங்க முக்கால்வாசி பேர் பண்ற தப்பு வேகம்தான். ஓடிட்டே முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். குத்த ஆரம்பிச்சா வேகத்த குறைங்க, குத்துற இடத்த விரலால அமுக்கிட்டு லேசா முன்னாடி குனிஞ்சு, உதட்ட குவிச்சு மூச்ச மெதுவா முழுசா வெளிய விடுங்க. இடது கால் தரையில படும்போது மூச்ச விட்டா வலது பக்க குத்தல் குறையும்னு எனக்கு சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கு கேக்குது.

அரைமாரத்தான்:
அந்த இடது கால் கணக்குல எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல, மூச்ச எண்ண ஆரம்பிச்சா தன்னால வேகம் குறையுது, அதுல சரியாகுதோ என்னவோ. காரணம் என்னன்னே இன்னும் முடிவாகல. டயாஃப்ரத்துக்கு (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற, மூச்சு விட உதவுற தசை) ரத்தம் பத்தாம வருதுன்னு சொல்றாங்க, கல்லீரல் குலுங்கி இழுக்குதுன்னு சொல்றாங்க, ஆனா குலுங்கவே குலுங்காத நீச்சல்காரங்களுக்கும் வருதே. வயித்து உள்சுவர்ல இருக்கற மெல்லிசான ஜவ்வு உரசுறதாலன்னும் ஒரு கட்சி இருக்கு. கூடவே தோள்பட்டை நுனியில வலிச்சா பயப்படாதீங்க, டயாஃப்ரத்துக்கும் தோளுக்கும் நரம்பு சம்பந்தம் இருக்கு. ஆனா நெஞ்சு இறுக்கிப் பிடிச்சாலோ, ஓடாம சும்மா இருக்கும்போதும் வயித்து வலி வந்தாலோ இங்க கேக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

மூச்சுவாங்கி:
அட தோள்பட்டை! எனக்கும் ரெண்டு தடவ வந்துச்சு, தூங்கினப்ப சுளுக்கிடுச்சுன்னு நினைச்சேன்.

சரி ஒரு வாரம் கழிச்சு அப்டேட்: ஜூஸ் கட், வேகமும் கம்மி, கூச்சமா இருக்கு, நடக்கறவங்க எல்லாம் என்னத் தாண்டிப் போறாங்க. ஆனா நேத்து 20 நிமிஷம் ஓடினேன், ஒரே ஒரு தடவதான் குத்துச்சு, அதுவும் மேட்டுல.

மெதுவாபோறவன்:
மேட்டுல நடங்க பாஸ், யாரும் கேக்க மாட்டாங்க.