50 கேல் அம்மோ கேன் உள்ளே பச்சை பிடிக்குது, அவசரம்

சேலத்துக்காரன்:
வணக்கம். தோட்டா வைக்கிற இரும்பு டப்பா, அதான் அம்மோ கேன், நாலு வாங்கி, இருந்த தோட்டாவை எல்லாம் அதுல போட்டு மூடி வச்சேன். இப்பத் திறந்தா பித்தளை பச்சையா இருக்கு, அடியில துருவும் தெரியுது. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தானே விக்கறாங்க? ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல்லும் போட்டிருக்கேன். சனிக்கிழமை சுடற ரேஞ்சுக்குப் போகணும். இதைச் சுடலாமா கூடாதா? சீக்கிரம் சொல்லுங்க.

டல்லஸ்வாசி:
எந்த ஊர்? கராஜா, வீட்டுக்குள்ளயா? டப்பா கடையில வாங்கின புதுசா, ராணுவம் கழிச்சு வித்த ஆர்மி சர்ப்ளஸா? தோட்டாவைக் கொட்டி வச்சீங்களா, அட்டைப்பெட்டியோடவா? சிலிக்கா ஜெல் எத்தனை கிராம்? பச்சை நாலுலயுமா, ஒண்ணுல மட்டுமா?

பட்டறை_முத்து:
கேஸ்கெட்தான், அதாவது மூடியில இருக்கிற ரப்பர், வேற எதுவும் கிடையாது. டப்பாவைக் காலி பண்ணி மூடுங்க. தொட்டியில சுடுதண்ணி பிடிங்க, கை பொறுக்கிற சூடு போதும். மூடிப்பக்கம் கீழ வர்ற மாதிரி கவிழ்த்து அமுக்கிப் பிடிங்க. உள்ள காத்து சூடாகி விரியும், சந்து இருந்தா குமிழி வரிசையா வரும். எந்த இடத்துல வருதுன்னு சாக்பீஸால குறி வைங்க. பச்சைத்தண்ணியில இதைப் பண்ணாதீங்க. உள்ள காத்து சுருங்கி, குமிழி காட்டாமலே தண்ணியை இழுத்துக்கும்.

குமிழி வந்தா மூடியில தப்பா, உடம்புல தப்பான்னு அடுத்து பார்க்கணும். இந்த மாடல்ல மூடியை முழுசாத் திறந்து பக்கவாட்டுல தள்ளினா கீல்ல இருந்து கழண்டுடும். நல்லா இருக்கிற டப்பாவோட மூடியை இதுல மாட்டி மறுபடி அமுக்குங்க. கசிவு நின்னுட்டா மூடியோ ரப்பரோதான். நிக்கலைன்னா வாய் விளிம்பு நெளிஞ்சிருக்கு. உள்பக்கம் மரக்கட்டையை முட்டுக் குடுத்து வெளியில இருந்து சின்னச் சுத்தியலால தட்டித் தட்டி நிமிர்த்தலாம்.

ரேஞ்ச்_மாமா:
இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவை வருது, தேடிப் பார்க்கிற பழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. தம்பி, "50 கேல்"னு பெயர் ஒட்டினதெல்லாம் எம்2ஏ1 ஆகிடாது. ஒரிஜினல் எம்2ஏ1 என்பது 50 காலிபர், அதாவது அரை இஞ்ச் குண்டு உள்ள தோட்டா 100, லிங்க்கோட கோத்து வைக்கிறதுக்குச் செஞ்ச பெட்டி. எம்19ஏ1 அதைவிட ஒல்லி, 7.62 மி.மீ. பெல்ட் 200 தோட்டா. பிஏ-108 எம்2ஏ1ஐவிடக் கொஞ்சம் பருமன். ராணுவத்துக்குப் போனதுல மாடலும் தயாரிச்சவன் குறியும் தகரத்துலயே புடைச்சு இருக்கும். உங்க டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. தகரம் மெலிசான மலிவுச் சரக்கை வாங்கிட்டு வாட்டர்ப்ரூஃப் இல்லைன்னு அழுதா என்ன பண்றது.

கணக்கன்:
மாமா, மெலிசோ தடியோ, கசிவு மட்டுமே இவ்வளவு வேலை பண்ணாது. கணக்கு போட்டுப் பாருங்க.

எம்2ஏ1 உள்ளளவு சுமார் 11 x 5.5 x 7 இஞ்ச், 7 லிட்டர். 30 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதத்துல ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி. 7 லிட்டருக்கு 0.17 கிராம், நாலு சொட்டுகூட இல்ல. கசியுற டப்பா பகல் சூட்டுல காத்தை வெளிய விட்டு, ராத்திரி குளிர்ல உள்ள இழுக்கும். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 100க்கும் நடுவுல கராஜ் ஆடினா, ஒரு நாளைக்கு மாறுற காத்து அரை லிட்டர்தான். அதுல வர்ற தண்ணி 0.012 கிராம். 100 நாளைக்கு 1.2 கிராம்.

இப்ப அட்டைப்பெட்டிக்கு வாங்க. 50 தோட்டா பெட்டி 20 வச்சா அட்டை மட்டும் 200 கிராம் இருக்கும்னு வைங்க. ஈரமான ஊர்ல அட்டை தன் எடையில 10, 12 சதவீதம் தண்ணி குடிச்சிருக்கும். அதாவது 20 கிராமுக்கு மேல. மூடி வச்சதும் அதுல ஒரு பங்கு வெளிய வரும். காத்துல இருந்ததைவிட நூறு மடங்கு தண்ணியை நாமளே கையால தூக்கி உள்ள வைக்கிறோம்.

அட்டையோடதான் வைப்பேன்னா ஒரு டப்பாவுக்கு 60 கிராம் சிலிக்கா ஜெல்லாவது வேணும். 40 சதவீத ஈரப்பதத்துல சிலிக்கா தன் எடையில ஐந்துல ஒரு பங்குதான் பிடிக்கும்.

சேலத்துக்காரன்:
ஹூஸ்டன். கராஜ். புது டப்பா, டிஸ்கவுண்ட் கடையில வாங்கினது. 9 மி.மீ., அட்டைப்பெட்டியோட. சிலிக்கா ஷூ பெட்டியில வந்தது, டப்பாவுக்கு ரெண்டு பொட்டலம். பச்சையும் துருவும் ஒரு டப்பாவுல மட்டும். மத்த மூணுல லேசா மங்கல், அவ்வளவுதான்.

டல்லஸ்வாசி:
ஷூ பொட்டலம் உங்க கைக்கு வரும்போதே நிரம்பித்தான் இருக்கும், அதை எண்ணிக்கையில சேர்க்காதீங்க. நிறம் மாறுற ஆரஞ்சு வகை வாங்குங்க. குடிச்சு முடிச்சதும் பச்சையாகும். நீலம் ரோஸாகிறதுல கோபால்ட் இருக்கு, கைபடாம இருக்கிறது நல்லது. கொட்டின மணிகளை ஓவன்ல 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுல 2, 3 மணி நேரம் வச்சா திரும்ப உயிர் வரும். பொட்டலமா இருந்தா அதுல அச்சடிச்ச சூட்டைத் தாண்டாதீங்க, பை உருகிடும். எடுத்ததும் மூடின ஜாடியில ஆற விடுங்க. வெளிய ஆற வச்சா ஆறுற நேரத்துலயே ஊர் ஈரத்தைக் குடிச்சிடும்.

ரசாயனி:
நாலு டப்பாவும் ஒரே கடை, ஒரே கராஜ், ஒரே அட்டை. அப்படியிருக்க ஒண்ணு மட்டும் பச்சைன்னா அதுல ஏதோ தனியா இருக்கு. அந்த டப்பாவைத் திறந்ததும் ஏதாவது வாசம் வந்துச்சா? ரப்பர்ல எதையாவது ஒட்டினீங்களா, பூசினீங்களா? தோல் பெல்ட், தோல் உறை எதுவும் உள்ள வச்சீங்களா?

சேலத்துக்காரன்:
மூடி ரப்பர் சேர்ற மூலையில சின்ன சந்து இருந்துச்சு. பாத்ரூமுக்கு வாங்கின சிலிக்கான் டியூப் மிச்சம் இருந்ததால அதைப் பூசி மூடினேன். ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி லேசா புளிப்பு வாசம். அதுக்கென்ன?

ரசாயனி:
அதேதான். பாத்ரூம் சிலிக்கான்ல பெரும்பாலானது காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும், வினிகர்ல இருக்கிற அதே அமிலம். திறந்த இடத்துல அது காத்தோட போயிடும். நீங்க உடனே மூடினதால ஆவி முழுக்க உள்ளேயே சுத்தியிருக்கு. அட்டையில இருந்து வந்த ஈரத்தோட சேர்ந்து பித்தளையில உள்ள செம்பைத் தின்னா வர்றதுதான் அந்தப் பச்சைக் களிம்பு, காப்பர் அசெடேட். இரும்புக்கும் அந்த ஆவி ஆகாது. அடியில துருவும் வந்ததுக்குக் காரணம் அது.

செய்ய வேண்டியது: பூசினதை முழுக்க உரிச்சு எடுங்க. டப்பாவை மூடியில்லாம வெளிய வைங்க, வாசம் சுத்தமாப் போற வரைக்கும். அந்த டப்பாவுல இருந்த அட்டையும் அமிலத்தைக் குடிச்சிருக்கும், அதைத் தூக்கிப் போடுங்க. கேஸ்கெட்டைப் புதுசா மாத்துங்க, எம்2ஏ1 அளவுக்குத் தனியா விக்கறாங்க. ஒட்டியே ஆகணும்னா நியூட்ரல் க்யூர்னு போட்ட, அமிலம் விடாத சிலிக்கான், இல்ல கான்டாக்ட் சிமெண்ட். எதுவா இருந்தாலும் மூடியைத் திறந்து வச்சு நல்லாக் காய விட்டுத்தான் மூடணும்.

தோட்டா விஷயம். காய்ஞ்ச துணியால துடைங்க. துடைச்சதும் பச்சை போய் அடியில வழவழப்பா இருந்தா வெறும் மேல்பூச்சுதான். நகத்துக்குக் குழி தட்டுப்பட்டாலோ, பிரைமர் (தோட்டா அடியில தீ மூட்டுற சின்ன மூடி) ஓரத்துல களிம்பு இருந்தாலோ, கூட்டோட வாய்ப்பக்கம் மயிரிழை வெடிப்பு தெரிஞ்சாலோ சுடாதீங்க, தனியா எடுத்து ரேஞ்சுல குடுத்துடுங்க. டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கக் கூடாது, பிரைமருக்குள்ள ஊறிப் போய் அதைச் செத்ததாக்கிடலாம். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் வேண்டாம். பிரிட்டிஷ் காலத்துல இந்தியாவுல மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்துல வச்ச தோட்டாக்கள் தானா வெடிப்பு விட்டதுக்கு லாயத்து அம்மோனியாதான் காரணம்னு 1921ல கண்டுபிடிச்சாங்க.

பட்டறை_முத்து:
ஆக கேஸ்கெட்ல தப்பு இருந்ததுன்னு நான் சொன்னது சரிதானே. புது ரப்பர் போட்டதும் மேல வாசலின் ஒரு பூச்சு பூசுங்க, காலத்துக்கும் நிக்கும்.

ரசாயனி:
முத்து அண்ணே, எல்லா ரப்பருக்கும் வாசலின் ஆகாது. இயற்கை ரப்பர், ஈபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர் ரெண்டும் பெட்ரோலியத்துல ஊதிப்போய் கொழகொழன்னு ஆகும். நியோப்ரீன், நைட்ரைல்னா தாங்கும். என்ன ரப்பர்னு தெரியாதப்போ சிலிக்கான் கிரீஸ்தான் பத்திரம்.

பட்டறை_முத்து:
சிலிக்கான் ரப்பர் கேஸ்கெட்டுக்கும் சிலிக்கான் கிரீஸா? அதுவும் ஊதும்.

ரசாயனி:
அது உண்மை. அதுக்கு மட்டும் போடக் கூடாது. மத்ததுக்கும் விரல் நுனியில எடுத்து மின்னுற அளவு தேய்ச்சா போதும், வழிய வழிய வேண்டாம்.

ரீலோடு_செல்வா:
இழைக்கு நடுவுல ஒரு கேள்வி. காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பி ரீலோடு பண்ண, என்கிட்ட ஸ்மோக்லெஸ் பவுடர் (தோட்டாவுக்குள்ள போடற மருந்து) 1 பவுண்ட் டப்பா எட்டு இருக்கு. ஈரம் படாம இந்த மாதிரி கேன்லயே வைக்கலாம்தானே?

ரேஞ்ச்_மாமா:
வைக்கக் கூடாது. எழுதி ஒட்டி வச்சுக்கோங்க.

ரீலோடு_செல்வா:
ராணுவமே இதுலதானே வைக்குது மாமா?

ரேஞ்ச்_மாமா:
ராணுவம் வைக்கிறது தோட்டா, பவுடர் இல்லை. தீ பிடிச்சா துப்பாக்கிக்கு வெளிய இருக்கிற தோட்டா ஒவ்வொண்ணா பொரியும், கூடு கிழியும், குண்டு வேகமெடுக்காது. பவுடரோட ஒரிஜினல் டப்பா பலவீனமா இருக்கிறது வேணும்னே செஞ்சது, சூடானா சீக்கிரம் பிளந்து வெறுமனே எரிஞ்சு போகும். அதையே தாழ்ப்பாள் போட்ட இரும்புப் பெட்டிக்குள்ள அடைச்சா அழுத்தம் ஏறி வெடிக்கும். அடிப்படையே தெரியாம ரீலோடு பண்ண வந்துடறாங்க.

டல்லஸ்வாசி:
மாமா சொன்ன விதம் எப்படியோ, விஷயம் சரி. என்எஃப்பிஏ 495ங்கிற அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிப்படி வீட்டுல 20 பவுண்ட் வரை ஒரிஜினல் டப்பாவுலயே வைக்கலாம். 20க்கு மேல 50 வரைன்னா குறைஞ்சது 1 இஞ்ச் கன மரப்பெட்டி. உங்க ஊர் ஃபயர் கோட் இதைவிடக் கண்டிப்பா இருக்கலாம், பார்த்துக்கோங்க. பிரைமரையும் கம்பெனி அட்டையை விட்டுப் பிரிச்சுக் கொட்டாதீங்க.

ட்ரோன்_தம்பி:
ட்ரோனோட லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை இதுல வைக்கலாமா?

கணக்கன்:
அதுக்கு இந்த டப்பா உதவும், கேஸ்கெட்டை உருவிட்டு, மூடிப்பக்கம் புகை போக ஓட்டையும் போட்டா. இறுக்கி மூடினா மாமா சொன்ன அதே கதிதான்.

ரேஞ்ச்_மாமா:
இது தோட்டா டப்பா இழை. ட்ரோனுக்குத் தனி இழை திறங்க.

சேலத்துக்காரன்:
சிலிக்கானை உரிச்சாச்சு. இன்னும் ரெண்டு டப்பா வாங்கணும், சர்ப்ளஸ் எப்படிப் பார்த்து வாங்கறது?

பட்டறை_முத்து:
கைக்கு எடுத்துப் பார்த்து வாங்குங்க, ஆன்லைன்ல கிரேடுன்னு போட்டிருக்கிறதை நம்ப வேண்டாம். மூடியைத் திறந்து விளிம்பு முழுக்க விரலை ஓட்டுங்க, நெளிவு தட்டுப்படும். ரப்பரை நகத்தால அழுத்தினா பள்ளம் உடனே எழும்பணும். அப்படியே நின்னா ரப்பர் செத்தது, விலையில பேசிக் குறைங்க. தாள் ஒண்ணை விளிம்புல வச்சு மூடி இழுத்துப் பாருங்க, நாலு பக்கமும். கீல் பக்கம்தான் பெரும்பாலும் தளர்வா வரும். தாழ்ப்பாள் பெருவிரலுக்கு நல்லா வேலை வைக்கணும், சும்மா விழுந்தா கம்பி நீண்டிருக்கு. அடித்தையல்ல துரு இருந்தா ஆணியால குத்திப் பாருங்க. பொருக்குதான்னா வாங்கலாம், உள்ள இறங்கினா விட்டுடுங்க.

மேல்துருவுக்கு கம்பி பிரஷ், அப்புறம் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர், ஒரு நாள் காய விட்டு பெயின்ட் பிரைமர், மேல ஆலிவ் பச்சை பெயின்ட். பழைய ராணுவப் பெயின்ட்ல ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். உப்புத்தாளை நனைச்சுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க. விளிம்புலயும் ரப்பர் உட்காருற இடத்துலயும் பெயின்ட் தடிமனாகக் கூடாது. அடிச்சதும் ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும். சிமெண்ட் தரையில நேரா வைக்காம ரெண்டு ரீப்பர் கட்டை மேல வைங்க.

கணக்கன்:
எடையும் பாருங்க. 100 தோட்டா லிங்க்கோட நிறைஞ்ச எம்2ஏ1 சுமார் 35 பவுண்ட், கைப்பிடி அதுக்குப் போட்டது. 9 மி.மீ., 115 கிரெய்ன் (குண்டு எடை) 1000 தோட்டா 27 பவுண்ட் வரும், டப்பா 5, பரவாயில்லை. 45 ஏசிபி கைத்துப்பாக்கித் தோட்டா 1000ன்னா 46 பவுண்ட். அதுக்கு எம்19ஏ1 எடுத்து ரெண்டாப் பிரிங்க.

சேலத்துக்காரன்:
அட்டை எல்லாம் எடுத்துட்டு ஜிப் பையில போட்டேன், டப்பாவுக்கு 40 கிராம் ஆரஞ்சு ஜெல். ஈரப்பதத்தைக் காட்டுற கார்டு மூணு டப்பாவுல 40 சதவீதத்துக்கு வந்துடுச்சு. நாலாவது சுடுதண்ணியில கீல் பக்கம் குமிழி விடுது, மூடி மாத்தினாலும் நிக்கலை. தோட்டா பாதி தேறிச்சு. நன்றி.

ரீலோடு_செல்வா:
அந்த நாலாவதை விக்கிறீங்களா? சாக்கெட் செட் போட்டு வைக்க எனக்கு ஆகும்.