உதவி: யூடியூபில் 8 மணி 50 நிமிடம் என்கிறது, நான் பார்க்கவே இல்லை!

அச்சுப்பிழை:
வணக்கம். வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை. பொழுது எங்கேதான் போகிறது என்று பார்க்க, குரோமில் நேரக்கணக்கு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் குட்டி நிரல்) ஒன்றைப் போட்டேன். நேற்று யூடியூபில் மட்டும் 8 மணி 50 நிமிடமாம். நான் உட்கார்ந்ததே காலை 9லிருந்து மாலை 6 வரை. நடுவில் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். வேலை முழுக்க லிப்ரே ஆபீஸ் என்ற எழுத்து மென்பொருளில், பிரவுசரில் இல்லை. பின்னணியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, அது உண்மை. நீக்கிவிட்டு மறுபடி போட்டும் அதே கதைதான். விண்டோஸ் 11.

கம்பிவலை:
ஒரு விண்டோவில் எந்த டேப் மேலே இருக்கிறதோ, அதைத்தான் பிரவுசர் 'ஆக்டிவ்' என்று சொல்லும். அந்த விண்டோவே லிப்ரே ஆபீஸுக்குப் பின்னால் கிடந்தாலும் டேப் ஆக்டிவ்தான். விண்டோ முன்னால் இருக்கிறதா என்று எக்ஸ்டென்ஷன் தனியாகக் கேட்க வேண்டும். ஏனோதானோ என்று எழுதியவை கேட்பதில்லை. யூடியூபைத் திறந்து எதையும் ஓடவிடாமல், அதன்மேல் நோட்பேடைப் பெரிதாக்கி 10 நிமிடம் எதையாவது தட்டுங்கள். 10 நிமிடமும் ஏறினால் ஆள் அகப்பட்டான்.

அச்சுப்பிழை:
ஏறிவிட்டது, சரியாகப் பத்து. செட்டிங்கில் 'ஐடில்' என்று ஒன்று இருந்தது, 1 நிமிடம் வைத்தேன். இப்போது தலைகீழ்: 40 நிமிட வகுப்பை முழுசாகப் பார்த்தால் 3 நிமிடம் என்கிறது.

தெருவிளக்கு:
எதற்கு இத்தனை பாடு? ஹிஸ்டரியைப் பார்த்தால் போதாதா?

இரவுக்குருவி:
போதாது. பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்பதுதான் ஹிஸ்டரியில் இருக்கும், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது இருக்காது. குரோமில் 90 நாளுக்கு முந்தையது தானாகவே போய்விடும்.

அச்சுப்பிழை, ஐடில் என்றால் கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் இருப்பது, அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்தால் ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் தூக்கத்தை அது கழிக்கும். நாதஸ்வரத்தைக் கழிக்காது, நீங்கள்தான் தட்டிக்கொண்டே இருக்கிறீர்களே.

ஆக்டிவிட்டிவாட்ச் என்ற நேரக்கணக்கு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இலவசம், திறமூலம்; கணக்கெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:5600 என்ற முகவரியில் திறந்து பார்க்கலாம். எந்த விண்டோ முன்னால் என்பதை ஒரு பகுதி கவனிக்கும். 3 நிமிடம் கைபடாவிட்டால் ஆள் இல்லை என்று இன்னொன்று குறிக்கும். தளத்தின் பெயர் வர, அதன் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைத் தனியாகப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு வந்து கேட்பவர்கள் நிறைய. சத்தம் வரும் டேப்பையும் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். வகுப்பு கணக்கில் வந்துவிடும். பிரவுசர் முன்னால் இருந்தால்தான் அது எண்ணும், ஆகையால் நாதஸ்வரம் தாராளமாக ஓடட்டும்.

கம்பிவலை:
பழையதை மறக்காமல் நீக்குங்கள். எல்லாத் தளத்தையும் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், சும்மா கிடக்க வேண்டாம்.

அச்சுப்பிழை:
மூன்று நாள் ஆயிற்று. நேற்றையது: யூடியூப் 45 நிமிடம், அந்த வகுப்புதான். அகராதித் தளம் 2 மணி 5 நிமிடம், அது வேலை. கிரிக்கெட் ஸ்கோர் 1 மணி 25 நிமிடம். நேற்று மேட்சே இல்லை! வீட்டில் இந்தத் திரையைக் காட்டப்போவதில்லை. தீர்ந்தது, இருவருக்கும் நன்றி.