இரண்டாவது டிங்கி ஏன் மோசம்?

செந்தூல்_பையன்:
அம்மாவுக்கு 2019-இல் டிங்கி வந்து வீட்டிலேயே தேறிவிட்டார். இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. கிளினிக்கில் ரத்தம் பார்த்ததில் என்எஸ்1 (டிங்கி வைரஸின் புரதம்), ஐஜிஜி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியில் ஒரு வகை) இரண்டும் பாசிட்டிவ். "ஏற்கெனவே வந்திருக்கிறதா? அப்போ இன்னும் கவனமாக இருக்கணும்" என்கிறார் டாக்டர். ஒருமுறை வந்தால் உடம்பில் எதிர்ப்பு இருக்க வேண்டுமே, அம்மை மாதிரி? பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேறு பப்பாளி இலைச் சாற்றோடு வாசலில் நிற்கிறார்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
தம்பி, நான் பினாங்கில் லேப்பில் ரத்தம் பார்க்கிறவள். டாக்டர் சொன்னது சரி. டிங்கி வைரஸில் 4 வகை உண்டு. வந்துபோன வகையை மட்டும் உடம்பு நீண்ட காலம் தடுக்கும். மற்றவற்றுக்குச் சில மாதங்கள்தான் பாதுகாப்பு.

அப்புறம் வேறு வகை வந்தால், பழைய ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டும், ஆனால் செயலிழக்க வைக்காது. மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்களின் மேல் ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கிற ஏற்பிகள் இருக்கின்றன. அவை வைரஸையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். விலங்கு மாட்டாத திருடனை ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போன கதைதான். வைரஸ் அங்கேயே பெருகும். அந்த அணு எழுப்ப வேண்டிய இன்டர்ஃபெரான் எச்சரிக்கையும் அடங்கிப்போவதை லேப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தொற்றிய அணுக்கள் கூடக் கூட, அவை கொட்டும் ரசாயனங்களால் ரத்தக் குழாய் கசிய ஆரம்பிக்கும். உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, பெரிய பாதிப்பில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அதற்காக இரண்டாவது முறை வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

ஜெலுத்தோங்_ராணி:
அக்கா, அப்படியென்றால் ஆன்டிபாடி அதிகமாக இருந்தால் இன்னும் மோசமா? என் அண்ணன் குழந்தைக்கு முதல் டிங்கியே கடுமையாக வந்தது.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
இல்லைம்மா. நிறைய இருந்தால் வைரஸை அடக்கிவிடும், இல்லவே இல்லையென்றால் இந்தத் தொல்லையே கிடையாது. ரெண்டுங்கெட்டான் அளவுதான் வில்லங்கம். நிகரகுவா பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் இதைத்தான் காட்டியது. கைக்குழந்தைக்குத் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். முதலில் காக்கும், பிறகு குறையும். 6 முதல் 9 மாதத்தில் முதல் டிங்கியே கடுமையாவது அதனால்தான்.

செந்தூல்_பையன்:
நன்றி அக்கா. இன்று காய்ச்சல் இறங்கிவிட்டது. பிளேட்லெட் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
இறங்கியதும்தான் உஷாராக இருக்கணும்! கசிவு தொடங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். எல்லோரும் பிளேட்லெட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள். கசிவால் ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹெமட்டோகிரிட் ஏறுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுபுரூஃபென் கூடவே கூடாது. 100பிளஸ் மாதிரி உப்புச் சத்துள்ள பானம், கஞ்சி ஏதாவது குடித்துக்கொண்டே இருக்கட்டும். பப்பாளிச் சாற்றை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குக் கிளம்பிவிடுங்கள்.